குமரி மாவட்டத்தின் மூன்று மாத டாக்டர்கள்: நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

எம்.டி., எம்.எஸ். படிக்கும் மருத்துவர்கள் தங்கள் கல்லூரி மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, மூன்று மாதம் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் அரசிதழில் வெளியானது. மாவட்ட உறைவிட மருத்துவர் திட்டம் எனப்படும் இதை மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் (செமஸ்டரில்) முடிக்காதவர் இறுதித் தேர்வு எழுத முடியாது. சர்க்கரை நோயுள்ள மாமாவையும், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பாட்டியையும் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில், இந்த மருத்துவர்களிடம் நாங்கள் பெற்ற சேவையை மதிப்பிட்டு எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா, குலசேகரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மரப்பட்டைகளைச் சீவி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து முடித்து வீடு திரும்பக் காலை பத்து மணி ஆகும். சீட்டில் 'காலை ஒன்று' என்று எழுதியிருந்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை அவர் கிளம்பும்போதே போட்டுக்கொள்வார். தோட்டத்தில் வேர்த்துக் கொட்டுவதும் கை நடுங்குவதும் வயதின் கோளாறு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். பல காலமாக அந்தச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள் யாரும் கேட்காத கேள்வியை, பொது மருத்துவம் படிக்கும் ஓர் இளம் பயிற்சி மருத்துவர் கேட்டார்.

"ஐயா, காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"பால்வெட்டு முடிஞ்சு வந்துதான் டாக்டர். பத்து மணி ஆவும்."

சாப்பிடாமல் மாத்திரை போட்டு வேலை செய்ததில் சர்க்கரை மிகவும் இறங்கியதுதான் நடுக்கத்துக்குக் காரணம். அந்த மருத்துவர் மருந்தையே மாற்றவில்லை. மாத்திரையை முதல் சாப்பாட்டோடு மட்டுமே போட வேண்டும் என்று எழுதி, சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளச் சொன்னார். நடுக்கம் அதன்பிறகு வரவில்லை. கல்லூரி மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் நோயாளி, மருத்துவமனை நேரப்படி சாப்பிட்டு, செவிலியர் கொடுக்கும்போது மருந்து எடுத்துக்கொள்பவர். அவரை மட்டுமே பார்த்துப் பழகிய நிபுணருக்கு இந்தக் கேள்வி எளிதில் தோன்றாது. தூத்தூர் பக்கத்து மீனவர் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பப் பல வாரங்கள் ஆகும் என்பதும், ஒரு மாதத்துக்கான மாத்திரை அவருக்குப் போதாது என்பதும், பேச்சிப்பாறை அணைக்கு அப்பாலுள்ள சில காணிக் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக வேண்டும் என்பதும், விளவங்கோடு வட்டத்து அம்மச்சி தன் நோவைப் பாதி மலையாளத்தில் சொல்வார் என்பதும் இங்கே வந்து உட்கார்ந்தால்தான் புரியும்.

மருத்துவரை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பும் இந்த எண்ணம் நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூரில், உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது.

ஆனாலும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான் என்னால் கொடுக்க முடிகிறது. தேசிய சுகாதாரத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்பதை அறிவதும், நோய் வராமல் தடுப்பது முதல் மறுவாழ்வு வரையிலான சேவைகளில் பங்கெடுப்பதும் விதியிலேயே எழுதப்பட்டுள்ள நோக்கங்கள். நாங்கள் பார்த்ததோ வேறு. மாவட்டத்தின் மேற்கே உள்ள ஓர் அரசு மருத்துவமனையில், பயிற்சிக்கு வந்தவர்களை ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் கூடுதல் டூட்டி டாக்டர்களாகவே நடத்தினார்கள். பாட்டியை அங்கே சேர்த்திருந்தபோது பார்த்துக்கொண்ட பயிற்சி மருத்துவர் கெட்டிக்காரர், பொறுமையானவர். ஆனால் இரவு டூட்டியும் வார்டு வேலையும் முடிந்தபிறகு மருத்துவமனை வாசலைத் தாண்டுவதற்கே அவருக்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. அதை அவர் குறையாக நான் சொல்லமாட்டேன்.

பாட்டி போன்றவர்களுக்கு உண்மையான சிகிச்சை நடப்பது வீட்டில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார். இயன்முறை மருத்துவரும், வலிதணிப்புச் சிகிச்சை தரும் செவிலியரும் தேவைப்படும் வீடுகளுக்கு வருகிறார்கள். அவர்கள் வரும் வண்டியில் வாரம் ஒரு நாள் பயிற்சி மருத்துவரையும் ஏற்றி அனுப்பினால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தினமும் நடைப்பயிற்சி' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கழிவறை வீட்டுக்கு வெளியே, கைப்பிடி இல்லாத நான்கு படிகளுக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அந்த வரியை வேறுமாதிரி எழுதுவார். எலும்பு மருத்துவம் படிப்பவருக்கும் மனநல மருத்துவம் படிப்பவருக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு வருபவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்குப் பேச்சிலேயே வித்தியாசம் தெரிகிறது. எதற்கெடுத்தாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிவிடாமல், எதை இங்கேயே பார்க்கலாம், எதை உடனே அனுப்ப வேண்டும் என்று அவர்களால் தீர்மானிக்க முடிகிறது. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு படிக்க வந்தவர்களுக்குத்தான் இந்த மூன்று மாதம் கூடுதலாகத் தேவை. 2023ஆம் ஆண்டு விதிகள், இந்தப் பயிற்சி நடக்கும் மருத்துவமனைக்குத் தேவையான படுக்கை எண்ணிக்கையை 100இலிருந்து 50ஆகக் குறைத்திருப்பதால், சிறிய மருத்துவமனைகளுக்கும் இவர்களை அனுப்ப வழி பிறந்திருக்கிறது. அங்கே கூட்டம் குறைவாக இருந்தால், நோயாளியிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

எனக்கு மிகவும் உறுத்துவது கைமாற்றம். மூன்று மாதம் முடிந்ததும் பழகிய டாக்டர் போய்விடுகிறார். அடுத்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாட்டிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் காரணம் எங்கும் எழுதப்படாததால் புதியவர் அதையே மீண்டும் எழுதினார், நாங்கள் சொன்ன பிறகுதான் சீட்டிலிருந்து அடித்தார். கிளம்புமுன் தொடர் சிகிச்சையில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்று இந்தத் திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கட்டாயப்படுத்தலாம். மாணவரின் பதிவேட்டில் அதுவும் பயிற்சியாகவே கணக்கில் சேரட்டும்.

அதுவரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓ.பி.யில் பயிற்சி மருத்துவர் இருந்தால் 'பெரிய டாக்டர் வரட்டும்' என்று காத்திருக்கத் தேவையில்லை; அவர் மேற்பார்வையில்தான் வேலை செய்கிறார், சந்தேகம் வந்தால் தன் கல்லூரித் துறையிடம் தொலைபேசியில் கேட்கவும் அவருக்கு வழி உண்டு. எப்போது இங்கிருந்து கிளம்புகிறார் என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வாரம் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய், எந்த மருந்து எதற்காகத் தொடங்கப்பட்டது, எது ஏன் நிறுத்தப்பட்டது என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.