தாலாட்டுப் பதிவை விற்க பேண்ட்கேம்பா, யுபிஐயா?

காரைக்குடியில் பதிவுசெய்த நகரத்தார் தாலாட்டை யார் வாங்குவார்? பினாங்கு, சிங்கப்பூர் உறவுகள் என்றால் பேண்ட்கேம்ப், அதாவது பாடுபவர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் இணையதளம். டிஜிட்டல் விற்பனையில் 15% பிடிப்பார்கள், பணம் கைமாறும் கட்டணம் தனி. தரம் குறையாத ஒலிக்கோப்பு வகைகளான வேவ் அல்லது ஃபிளாக் ஏற்றினால் போதும். எம்பி3-ஐ அதுவே தயாரித்துவிடும். தேவகோட்டைக்காரர் வாங்க முயன்றால்தான் சிக்கல்: பேண்ட்கேம்பில் விற்ற பணம் பேபால் என்ற இணையப் பணச்சேவை வழியாகத்தான் வரும், 2021 ஏப்ரலோடு பேபால் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது.

உள்ளூருக்கு யுபிஐதான், சந்தேகமே வேண்டாம். கமிஷன் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே வாட்ஸ்ஆப்பில் பாட்டை அனுப்புங்கள். 4 நிமிட வேவ் சுமார் 40 எம்பி. டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 10 எம்பிக்குள் அடங்கும். ஆச்சிகளின் போனுக்கு அதுவே தோது.

இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் லிங்க் தொட்டால் திறக்காது, பயோவில் வையுங்கள்.