க்ளோசப் போர்ட்ரெயிட்டுக்கு 85 எம்எம்: சில வருஷம் புழங்கிய பிறகு

போர்ட்ரெயிட் என்றாலே "85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கு" என்பார்கள். (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு. எண் சிறிதானால் துவாரம் பெரிது, ஷார்ப்பாக விழும் ஆழம் குறைவு.) ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் அதைத்தான் சில வருஷமாக வைத்திருக்கிறேன். இடுப்புக்கு மேல், தோளுக்கு மேல் என்று எடுக்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முகத்தை மட்டும் அள்ளப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும்.

கிட்டே போக விடாது. கேனான் இஎஃப் என்றால் 85 செ.மீ., நிக்கான், சோனி என்றால் 80 செ.மீ. தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் பிடிக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் நெற்றியிலிருந்து தாடைவரை ஃப்ரேம் நிறையும், அதோடு சரி. கண்ணும் மூக்குத்தியும் மட்டும் வேண்டுமென்றால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 12 எம்எம் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்ட வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் வளையம்தான், விலையும் குறைவு. ஆனால் மாட்டிவிட்டால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. கல்யாண வீட்டில் அதைக் கழற்றி மாட்டுவதற்குள் பொண்ணு எழுந்து போயிருக்கும்.

50 எம்எம்மில் கிட்டே போகலாமே என்று கேட்பார்கள். போகலாம். மூக்கு புடைத்து, காது பின்னுக்கு ஓடிவிடும். லென்ஸ் செய்யும் வேலையல்ல அது, நிற்கும் தூரம் செய்வது.

அதனால் இப்போது க்ளோசப்புக்கென்றே 100 எம்எம் மேக்ரோ, அதாவது மிகக் கிட்டே போனாலும் ஃபோகஸ் பிடிக்கும் லென்ஸ். ஒரு மீட்டர் தள்ளி நின்றே முகம் நிறைகிறது, கண் மட்டும் வேண்டுமானால் எதையும் கழற்றாமல் முன்னால் நகர்ந்தால் போதும். ஆனால் ஈவிரக்கம் இல்லாத லென்ஸ். மேக்கப் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நிற்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெத்தலை மெல்லும் பாட்டிகளுக்கோ, என்னைக் கேட்டால், இதை மிஞ்ச ஆளில்லை.

எஃப் 1.8-க்காகக் காசு கொடுத்தோம், க்ளோசப்பில் அதைத் தொடுவதே இல்லை. அந்த நெருக்கத்தில் ஷார்ப்பாக விழுவது சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். இமை முடி கூர்மையாக இருக்கும், கருவிழி மசமசவென்று போயிருக்கும். மூக்குத்திக் கல்லைச் சுற்றி ஊதா ஓரம் வேறு. எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள், பேக்ரவுண்ட் எப்படியும் கரைந்துவிடும். ஃபோகஸ் புள்ளியை உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணிலேயே வையுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால், அந்த அசைவிலேயே ஃபோகஸ் பின்னால் நழுவும்.

வெளிச்சத்துக்கு, வாசலுக்கு ஓரடி உள்ளே உட்கார வைத்தாலே கண்ணில் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். போர்ட்ரெயிட் போட்டோகிராஃபர் மார்ட்டின் ஷோலரின் பெரிய முகப் படங்களில் கண்ணுக்குள் இரண்டு நெட்டுக் கோடுகள் தெரியுமே, அதை வீட்டு ட்யூப்லைட்டில் முயல்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு மேல் ஏற்றாதீர்கள். நம்முடையது 50 ஹெர்ட்ஸ் கரண்ட், ஏற்றினால் படத்துக்குப் படம் நிறம் மாறும்.

85 ஏற்கெனவே கையில் இருந்தால் முதலில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். செகண்ட் ஹேண்ட் மேக்ரோ வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே கண்ணாடியில் ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா பாருங்கள், அதுவும் கடலோர ஊர்ச் சரக்கு என்றால் இரண்டு தடவை.