"ஒரே தடவை சுட்டது" என்று சொல்லி விற்ற பித்தளை

மேற்குப் பென்சில்வேனியாவில் துப்பாக்கிச் சந்தைக்குப் போகிற நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். பழைய லீவர் துப்பாக்கிக்கு (விசையைச் சுற்றியுள்ள பிடியை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் வகை) வீட்டிலேயே தோட்டா அடைப்பவர்கள் அதிலும் சிலர். அந்தச் சிலருக்காகத்தான் இது. எனக்கு 120 டாலர் நஷ்டம், அது பரவாயில்லை. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி தோட்டாவின் பித்தளை உறை ஒன்று இரண்டாகப் பிய்ந்தது, அதுதான் எழுத வைக்கிறது.

என்னிடம் இருப்பது வின்செஸ்டர் 1894 (சுருக்கமாக 94), 38-55 அளவு. பெரும்பாலோர் கையில் இருக்கும் 94 துப்பாக்கிகள் 30-30. என்னுடையது அதற்கும் முந்தைய தோட்டா. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 38 என்பது குண்டின் பருமன், 55 என்பது அந்தக் காலத்தில் அடைத்த கருமருந்தின் எடை, கிரெய்ன் என்ற சின்ன எடை அளவில். இந்தத் துப்பாக்கி வந்த புதிதில் 32-40, 38-55 இரண்டுக்கும்தான் செய்தார்கள். 30-30 அடுத்த வருடம், 1895இல்தான் வந்தது. இன்று 38-55 தோட்டாவைக் கடையில் தேடினால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். எப்போதாவது ஒரு தடவை செய்து விற்பார்கள், அதோடு சரி. ஆகவே நாமே அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊரில் நாட்டுத் துப்பாக்கி பார்த்தவர்களுக்கு மருந்து, கேப்பு (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைப்பது), குண்டு மூன்றும் தெரியும். இங்கே அந்த மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பித்தளை உறை. சுட்ட பிறகு மிஞ்சுவதும் அது ஒன்றுதான். அதை அளவுக்கு அழுத்தி, வாயைச் சீவி, புது கேப்பு வைத்து, மறுபடி அடைப்போம். நல்ல உறை பல தடவை உழைக்கும். கெட்ட உறை எத்தனை தடவை உழைக்கும் என்று சொல்ல முடியாது.

போன வருடம் செப்டம்பரில், தீயணைப்பு நிலையத்து மண்டபம் ஒன்றில் நடந்த சந்தை. நவம்பர் கடைசியில் மான் சீசன், கையில் உறைகள் தட்டுப்பாடு. ஒரு மேசையில் தடித்த பிளாஸ்டிக் பை நிறைய 38-55 உறைகள். தங்கம் மாதிரி பளபளப்பு. "எங்கள் மாமாவுடையது. இறந்துவிட்டார். எல்லாம் ஒரே தடவை சுட்டது" என்றார் விற்றவர். (இறந்துபோன மாமாக்கள் இந்தச் சந்தைகளில் மேசைக்கு ஒருவர் உண்டு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.) 150 உறை, 120 டாலர். புதிதாக வாங்கினால் ஒன்று ஒரு டாலருக்கு மேல், அதுவும் எப்போது இருப்பு வரும் என்று காத்திருக்க வேண்டும். மேலாக ஏழெட்டை எடுத்து அடியில் பொறித்த முத்திரையைப் பார்த்தேன். வின்செஸ்டர், 38-55. சரியாக இருந்தது. ரொக்கம் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. போகிற போக்கில், அதே மாமா அடைத்து வைத்த தோட்டா 40 இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு டப்பாவையும் திணித்தார்.

வீட்டுக்கு வந்து பையின் மேலிருந்து 20 உறை எடுத்து, தோட்டா அடைக்கும் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆரம்ப மருந்து அளவுக்கே, மிக மிதமாக அடைத்தேன். குழாய் மேகசினில் (துப்பாக்கிக் குழலுக்கு அடியில் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக, முன்னதன் கேப்பு மேல் பின்னதன் மூக்கு படும்படி நிற்கும். ஆகவே தட்டை மூக்குக் குண்டு, வாயை நன்றாக மடக்கிக் கவ்வச் செய்தேன். என் பக்கம் தப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சுடுமிடத்தில் பத்து தோட்டா ஒழுங்காகப் போனது. பதினோராவதில் சத்தம் கொஞ்சம் மாறியது. கன்னத்தில் சூடாக ஒரு ஊதல். லீவரை இறக்கினால் வெளியே வந்து விழுந்தது அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு துண்டு: விளிம்பும் அடிப்பாகமும் மட்டும். மீதி உறை, தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் வலது பக்கம் கரும்புள்ளிகள்.

அன்று இரவு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடமாக அடைப்பவர். அவர் ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, பையில் மிச்சமிருந்த உறை ஒன்றுக்குள் விட்டு அடியிலிருந்து மேலாக மெல்ல இழுத்தார். பிறகு என் கையில் கொடுத்தார். அடிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் டக்கென்று இறங்கி ஏறியது. அந்த உறையை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தோம். சுவர் ஒரே கனமாக வந்து, அந்த இடத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு கோடு போட்டதுபோல் மெலிந்திருந்தது.

இது ஒரு தடவை சுட்டதில் வருகிற விஷயமே இல்லை. சுடும்போது உறையின் முன்பகுதி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி பின்னால் தள்ளும். நடுவில் இருக்கும் பித்தளை இழுபடும். பழைய 94இல் தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் பகுதியைப் பிடிக்கும் பூட்டு பின்பக்கம்தான், அதனால் இந்த இழுவை இன்னும் கூடுதல். அடைக்கிற ஒவ்வொரு தடவையும் உறை நீளும், நீண்டதைச் சீவி எறிவார்கள். சீவி எறிந்த பித்தளை எல்லாம் அந்த ஒரே இடத்திலிருந்து போனதுதான். இந்த நிலைக்கு வந்த உறையில் வெளியிலும் மங்கலாக ஒரு வளையம் தெரியும். எஃகு ஊசிகளோடு சேர்த்து உருட்டிக் கழுவிவிட்டால் அந்த வளையம் மறைந்துபோகும். பளபளப்புக்குக் காரணம் அதுதான்.

சரி என்று பை முழுவதையும் மேசையில் கொட்டினோம். தக்காளிக் கூடையில் செய்கிற அதே வேலை: மேலே நல்லது, அடியில் சொத்தை. உண்மையான 38-55 மொத்தம் 61. அதில் பாதிக்கு மேல் கொக்கி மாட்டியது. 33 உறை 30-30, வாயை அகட்டி 38 ஆக்கியிருந்தார்கள், நீளம் போதவில்லை. வாய் வெடித்தவை 18. மீதி 38 உறைகளைப் பார்த்ததும் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவை 375 வின்செஸ்டர்.

1978இல் வந்த தோட்டா அது. பார்க்க 38-55க்குத் தம்பி மாதிரி, கொஞ்சம் குட்டை. பழைய துப்பாக்கிக்குள் போயும் விடும். ஆனால் 38-55க்கு அதிகபட்ச அழுத்தம் CUP என்ற அலகில் 30,000 என்றால் இதற்கு அதே அலகில் 52,000. அதைத் தாங்குவதற்காக உறைச் சுவரும் கனம், ஆகவே உள்ளே இடம் குறைவு. 38-55க்கு உரிய மருந்தையே அதற்குள் போட்டாலும் அழுத்தம் ஏறும். நூறு வருடத் துப்பாக்கியில் அதைப் பரிசோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

அந்த இலவச 40 தோட்டா? பிறர் அடைத்த தோட்டாவைச் சுடக்கூடாது என்ற ஒரு விதியையாவது நான் மீறவில்லை. குண்டைக் கழற்றும் சுத்தியலில் தட்டித் தட்டி எல்லாவற்றையும் பிரித்தேன். மருந்தைத் தராசில் போட்டால் கனமானதற்கும் லேசானதற்கும் 4 கிரெய்னுக்கு மேல் வித்தியாசம். இரண்டில் மருந்தின் நிறமே வேறு. அந்த மருந்தைப் புல்வெளியில் தூவிவிட்டேன். "என்னங்க, இது மானுக்கு வாங்கினதா, உங்களுக்கு வாங்கினதா?" என்றாள் மனைவி.

அடுத்த மாதச் சந்தையில் அந்த மேசைக்கே போய், அறுத்த உறையை எடுத்து வைத்தேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கிற நிலையில் விற்றது. திரும்ப வாங்குவதில்லை" என்றார். "ஒரே தடவை சுட்டது என்றீர்களே?" என்றதற்கு, "மாமா அப்படித்தான் சொன்னார்." சந்தை நடத்துபவர்களிடம் போனேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். அதோடு முடிந்தது. மேசை இன்னமும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பை, அதே பளபளப்பு.

இப்போது சந்தைக்குப் போனால் சட்டைப் பையில் வளைத்த கிளிப் ஒன்றும் வெர்னியர் காலிப்பர் ஒன்றும் இருக்கும். பையின் அடியிலிருந்துதான் எடுப்பேன். கிளிப்பை உள்ளே விட அனுமதிக்காத மேசையில் நிற்பதே இல்லை. சீசனுக்குப் புது உறை 50 வரவழைத்தேன், மூன்று வாரம் தாமதமாக வந்தது. அந்த வருடம் மான் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

பழைய உறைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, யாராவது பொறுக்கி மறுபடி விற்றுவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றின் வாயையும் குறட்டால் நசுக்கி, பழைய உலோகம் எடுக்கும் இடத்தில் எடைக்குப் போட்டேன். ஏழு டாலர் கொடுத்தார்கள்.