இலையைத் திருப்பிப் பார்க்காத கடையில் மருந்து வாங்காதீர்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் 30 சென்ட்டில் பச்சை மிளகாய் போட்டிருந்தேன். பங்குனி வெயிலில், வண்டித்தடத்தை ஒட்டிய நாலு வரிசையில் மட்டும் இலைகள் வெளிறி, ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள். ஒரு கொப்பை ஒடித்துக் கவரில் போட்டு, வழக்கமாகப் போகும் மருந்துக்கடைக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). கடைக்காரர் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "சாறு உறிஞ்சிதாண்ணே, இமிடா அடிங்க, கூட லாம்டா, செடி தெம்பா வர ஒரு டானிக்கு" என்று மூன்று பாட்டிலை எடுத்து வைத்தார் (இமிடா என்றால் இமிடாகுளோபிரிட், லாம்டா என்றால் லாம்டா சைஹாலோத்ரின், இரண்டும் பூச்சிக்கொல்லி). 1,480 ரூபாய். பில் கேட்டால், "பில்லு போட்டா வரி சேரும், உங்களுக்கு எதுக்குண்ணே வீண் செலவு" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எட்டு நாளில் இரண்டு தடவை அடித்தேன். நாலு வரிசை பத்து வரிசையானது. கொழுந்துக்கும் காய்க்கும் நடுவே மெல்லிய நூலாம்படை, அதில் தடத்துப் புழுதி ஒட்டி ஒட்டடை மாதிரி தொங்கியது. திரும்பப் போனால், "வைரஸ் விழுந்துருச்சு, கடைசியா இதை அடிச்சுப் பாருங்க" என்று 100 மில்லி பாட்டில் ஒன்று, 900 ரூபாய். நூறு சதவீதம் இயற்கை என்று பெரிதாகப் போட்டிருந்தது; உள்ளே என்ன மருந்து, எந்த பேட்ச், எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. அதையும் அடித்தேன். இலை ஓரமெல்லாம் கருகியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா முதலில் செய்த வேலையே இலையைத் திருப்பியதுதான். வெள்ளைத்தாளில் கொப்பைத் தட்டினார். மிளகாய்த்தூளை விடச் சின்னதாக ஏதோ விழுந்து நகர்ந்தது, விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: எட்டுக் கால், முதுகில் இரண்டு கரும்புள்ளி, பக்கத்தில் கண்ணாடி மணி போல முட்டைகள். செஞ்சிலந்தி. பூச்சியே இல்லை, சிலந்தி இனம், அதனால் இமிடாவுக்குச் சாகாது. லாம்டா இன்னும் மோசம், இதைத் தின்னும் நல்ல சிலந்திகளைக் கொன்றுவிடுகிறது. நான் காசு கொடுத்து வளர்த்திருக்கிறேன்! நூலாம்படை கட்டுவது இதுதானாம். இலை கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி, அது வலை கட்டாது. மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். மூன்றையும் "சுருட்டை" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுகிறோம்.

சரி, என்ன செய்தேன்? வலை கட்டிய கொப்புகளை வெட்டிச் சாக்கில் கட்டி எடுத்துப்போய் எரித்தேன். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினேன். சாயங்காலம் நாசிலை மேல்நோக்கிப் பிடித்து, சிலந்திக்கொல்லியான ஃபெனசாகுவின் லிட்டருக்கு 2 மில்லி. முட்டையில் மிஞ்சியது வெயிலில் சில நாளில் பொரித்துவிடும் என்பதால், ஏழாம் நாள் அதையே அடிக்காமல் வேறு வகையான ஸ்பைரோமெசிஃபென். நனையும் கந்தகம் மலிவு, ஆனால் அந்த வெயிலில் இலை கருகும் என்று அந்த அம்மா வேண்டாம் என்றார். மருந்து அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று லேபிளில் போட்டிருந்த நாள் முடியும்வரை காய் பறிக்கவில்லை.

புதுக் கொழுந்து சுத்தமாக வந்தது. தடத்தோரம் பத்து வரிசையும் போனது போனதுதான்.

அந்த 900 ரூபாய்ப் பாட்டிலை வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் புகார் சொன்னேன். அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில் எங்க?" என்றார்.