வண்டி சார்ஜ் ஏறவில்லையா: கம்பியைக் கழற்றுவதா, மீட்டர் வைப்பதா, பேட்டரிக் கடைக்குப் போவதா?

டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்துவிட்டால் யாங்கூனில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "டைனமோ போயிடுச்சு, மாத்துங்க." டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்; பல சமயம் அது நன்றாகத்தான் இருக்கும். வழுக்கும் பெல்ட், உப்புப் பூத்த டெர்மினல், துருப்பிடித்த எர்த் கம்பி, வயதான பேட்டரி என்று வேறு எதுவோ கெட்டிருக்கும். பழைய ஜப்பான் டைனமோ ஒன்றை வாங்கி மாட்டிய பிறகும் அதே விளக்கு எரிந்தால் காசும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. கடைக்கு ஓடுமுன் வாசலிலேயே சோதித்துவிடலாம். எந்தச் சோதனையை நம்புவது என்பதுதான் கேள்வி.

முதலில் கைவிட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கம்பியைக் கழற்று, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்பார்கள், பழைய லாரி ஓட்டிப் பழகிய பெரியவர்கள். அந்த லாரிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய புரோபாக்ஸ், ஃபீல்டர், ஃபிட் கார்கள் எதிலும் இதைச் செய்யக் கூடாது. டைனமோவின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதைத் திடீரென்று விலக்கினால் வோல்ட்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பல மடங்கு எகிறும். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவும் ஒன்றாகப் போக அது போதும். தப்பித்தாலும், ஏதோ கொஞ்சம் மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. பெரியவர்கள் மேல் மரியாதை வைத்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன வோல்ட் காட்டி அடுத்தது. மலிவு, ஓட்டிக்கொண்டே பார்க்கலாம், டாக்சி ஓட்டுபவர்களுக்குப் பிடிக்கும். நேற்று 14.1 காட்டியது இன்று 13.2 காட்டினால் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரியும். ஆனால் நீண்ட வயரைத் தாண்டி அளப்பதால் உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஓபிடி ப்ளூடூத் கருவிக்கும் இதே குறை உண்டு. போதாததற்கு, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய வண்டிகள் பல அதோடு பேசவே பேசாது. எச்சரிக்கை மணியாக இவை இரண்டும் போதும், தீர்ப்புக்கு ஆகாது.

என் ஓட்டு மல்டிமீட்டருக்குத்தான். பேட்டரி முனைகளில் மட்டும் வைத்துவிட்டு மூடி வைப்பவர்கள் அதன் பாதிப் பலனைத்தான் எடுக்கிறார்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் முதலில் அளக்க வேண்டும். 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சற்று முன்தான் ஓட்டினீர்கள் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளக்கவும். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். அப்புறம் எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாம் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கவும். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. ஏப்ரல் வெயிலில் கொதிக்கும் எஞ்சினில் 13.6 வந்தாலும் பதறாதீர்கள், சூடு ஏறினால் ரெகுலேட்டரே அளவைக் குறைக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு, பேட்டரி வெந்துபோகும்.

ஹோண்டா ஃபிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. லோடு இல்லாதபோது ஹோண்டாவின் கம்ப்யூட்டர் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே 12.4 முதல் 12.9 வரை இறக்கிவிடும். விளக்கு எதையும் போடாமல் அளந்துவிட்டு டைனமோ போச்சு என்று முடிவு கட்டினால் நல்ல டைனமோ வெளியே வரும். ஃபிட் ஹைபிரிட் என்றால் டைனமோவே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வர்ட்டர் வழியாகத்தான் சார்ஜ் வரும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் கை வைக்க வேண்டாம்.

லைட்டர் காட்டியால் முடியவே முடியாத வேலை இனிமேல்தான். லோடு போட்டு எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியை டைனமோவின் பின்னால் உள்ள தடித்த போல்ட்டிலும் மற்றதை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் நடுவில் உள்ள கம்பியோ பெரிய ஃபியூஸோ மின்சாரத்தைத் தின்கிறது. அதேபோல டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. மே முதல் அக்டோபர் வரை மழை, தெருவில் தேங்கும் தண்ணீரில் வண்டி நீந்தும் ஊர் இது. எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சரியாகிவிடும் வண்டிகள் உண்டு, அதற்கு ஒரு கியாட் செலவில்லை. டைனமோவின் மின்சாரத்தை டிசி ஆக்கும் டயோடைப் பார்க்க, மீட்டரை ஏசி வோல்ட் (மாறுதிசை மின்சாரம்) அளவில் பேட்டரி முனைகளில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. ஆனால் மலிவு மீட்டர்கள் சில அங்கே 25, 30 என்று உளறும், அதை நம்பாதீர்கள். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் லுங்கியோடு குனிய வேண்டாம், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டர் தோற்கும் இடம் பேட்டரி. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் படுத்துவிடும் பேட்டரிகள் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்தான். ஆனாலும் பேட்டரிக் கடையின் லோடு டெஸ்டர் இதில் மீட்டரைவிட நம்பகம். கடைக்காரர் புது பேட்டரி விற்கவே பார்ப்பார் என்பதால் வீட்டு அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

கரண்ட் நிற்கும்போது வண்டி பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டும் பழக்கம் இருந்தால் சோதனையே தேவையில்லை. வண்டி பேட்டரி சில நொடிகள் பெரிய மின்சாரம் கொடுக்கச் செய்தது. மெல்லிய தகடுகள் அதற்குள். மின்விசிறியை மணிக்கணக்கில் சுற்றவிட்டு அடிவரை காலி செய்தால் கொஞ்ச காலத்தில் செத்துவிடும். பழி மட்டும் டைனமோ மேல் விழும்.

பகோ, மௌல்மீன் பக்கம் பைக் வைத்திருப்பவர்களுக்கும் மீட்டர்தான். மூன்று மஞ்சள் கம்பி வரும் வண்டியில் இணைப்பைக் கழற்றி இரண்டிரண்டாக ஏசி அளவில் பாருங்கள். மூன்று அளவும் சமமாக, ஆக்சிலரேட்டரோடு ஏறினால் மின்சாரம் தரும் கம்பிச் சுருள் (காயில்) சரி. ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

கடைசியில் டைனமோதான் என்று உறுதியானால், கழற்றி சயாவிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்து கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றச் சொல்வதையே நான் விரும்புவேன். பழைய ஜப்பான் டைனமோவில் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. காயில் கருகியிருந்தால் மட்டும் முழுசாக மாற்றலாம். மாட்டிய கையோடு காலி பேட்டரியை அதன் தலையில் கட்டாதீர்கள். முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓடிச் சூடாகும். 45 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியை 4, 5 ஆம்பியரில் பத்து மணி நேரம் சார்ஜரில் போட வேண்டும். கரண்ட் விட்டு விட்டு வந்தாலும் பரவாயில்லை, தவணையாக ஏற்றினாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது.