‘ஹெட் கிராக், புதுசு போடணும்’ என்று சொன்னால்: டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் டாக்ஸி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிலிண்டர்களுக்கு மேலே மூடி மாதிரி உட்காரும் எஞ்சின் ஹெட் கிராக் (விரிசல்) விட்டுவிட்டது என்று சொல்லி, புது ஹெட் மாட்டியதாகக் காசு வாங்கிக்கொண்டு, வெல்டிங் வைத்த பழைய ஹெட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது எங்கள் வீட்டு வண்டிக்கு.

டயர் புதுசா பழசா என்று நாமே பார்த்துச் சொல்லிவிடலாம். பேட்டரியில் தேதி போட்டிருக்கும். ஹெட் அப்படியில்லை. விரிசல் விட்டதையும் நாம் பார்ப்பதில்லை, மாற்றியதையும் பார்ப்பதில்லை. மாட்டி மூடிய பிறகு மறுபடி ஒருவர் எஞ்சினைப் பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா கொளத்தூரிலிருந்து ஏர்போர்ட்டுக்கும் வெளியூருக்கும் சவாரி ஓட்டுகிறார். கத்திரி வெயிலில் செங்கல்பட்டு போய்விட்டுத் திரும்பும்போது, பரனூர் டோலைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சரசரவென்று ஏறியது. அடுத்த நிமிஷம் தானாகவே இறங்கியது. மாமா அனுபவஸ்தர், உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். முள் இறங்கினால் சூடு தணிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிவிடுகிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீரே இருக்காது. அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து. பக்கத்தில் இருந்தவர்கள் பானெட்டைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். மாமா விடவில்லை. கொதிக்கும் அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரிசல் விடலாம்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டறையில் விட்டோம். மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. “ண்ணா, ஹெட்டு கிராக் ஆயிடுச்சு. புதுசு போட்டாத்தான் வண்டி நிக்கும்.” கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. இரண்டு வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவே முடி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. எந்த லேத்தில் (எஞ்சின் பாகங்களைக் கடைந்து சரிசெய்யும் கடை) டெஸ்ட் செய்தீர்கள் என்று மாமா கேட்டார். “கண்ணுலயே தெரியுதே ண்ணா, டெஸ்ட்டு எதுக்கு?” என்றார்கள். பழைய ஹெட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, “அது எக்ஸ்சேஞ்சுல போயிடும், அதனாலதான் உங்களுக்கு இந்த ரேட்டு” என்று பதில் வந்தது.

ஹெட்டுக்கு 38,000, கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) கிட், போல்ட், ஆயில், கூலன்ட், லேபர் எல்லாம் சேர்த்து மொத்தம் 64,000 ரூபாய். அக்காவின் சங்கிலி பேங்குக்குப் போனது. வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் தவணை ஏறிக்கொண்டிருந்ததால் ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார்கள் என்றே எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. எஸ்டிமேட் என்று அச்சடித்த தாளில் கையால் ‘ஹெட் அசெம்பிளி – புதுசு’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் இப்போது எங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி.

மழைக்காலம் வருவதற்குள் கூலன்ட் மறுபடி குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. ஆனாலும் டேங்கில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வந்தது, ரிசர்வ் டேங்கில் குமிழி விட்டது. அதே பட்டறையில் கேட்டால், “கூலன்ட் ஊத்திக்கினே ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்றார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறத்தில் குழம்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்த பிறகு எதுவும் செட் ஆகாது. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போய், எஞ்சினே கைவிட்டுப் போகும்.

இந்த முறை நண்பர் ஒருவர் சொல்லி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெட் வேலை மட்டும் பார்க்கும் ஒரு லேத்துக்குப் போனோம். பிரிப்பதற்கு முன்பே போனில் வீடியோ எடுக்கச் சொன்னார் அங்கிருந்த பெரியவர். ஹெட் வெளியே வந்ததும் துணியால் துடைத்தார், விரலால் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, இத யாரு புதுசுன்னு குடுத்தாங்க?” என்று கேட்டார்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே இருந்த அலுமினியம் மற்ற இடங்களைவிட வேறு பளபளப்பில் இருந்தது. உற்றுப் பார்த்தால் அதில் ஊசித் துளைகள் தெரிந்தன. ஆர்கான் வெல்டிங் வைத்து மேலே ஃபேஸ் அடித்தால், அதாவது பரப்பைச் சீவி மட்டமாக்கினால், இப்படித்தான் தெரியுமாம். அடுத்து, வெர்னியர் வைத்து ஹெட்டின் உயரத்தை அளந்தார். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைவிட அரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. ஃபேஸ் அடிக்காத புது ஹெட் எப்படி உயரம் குறையும்? ஒரு தடவைக்கு மேல் சீவியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதனால்தான் பல டீசல் ஹெட்டுகளில் ஃபேஸ் அடிக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு விரிசலைச் சாயத்தால் காட்டும் டை டெஸ்ட். ஹெட்டைச் சுத்தமாகக் கழுவி, சிவப்புத் திரவத்தைத் தெளித்து, ஊற விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் வெல்டிங் ஓரமாகவே சிவப்புக் கோடு எழும்பி வந்தது. அதோடு விடவில்லை. தண்ணீர் போகும் வழிகளையெல்லாம் ரப்பரும் பிளேட்டும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து வெந்நீர்த் தொட்டியில் முக்கினார். அதே கோட்டிலிருந்து குமிழி வந்தது. வெந்நீர் எதற்கு என்று கேட்டேன். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்குமாம். இரும்பு ஹெட்டுக்குக் காந்த டெஸ்ட்டும் உண்டு. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் அது இங்கே நடக்காது. யாராவது அலுமினிய ஹெட்டைக் காந்தம் வைத்துச் சோதித்தோம் என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் இன்றுவரை மனசை அறுக்கிறது. முதல் பட்டறை அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். வால்வு சீட்டுகளுக்கு நடுவே இப்படிச் சின்னக் கோடு வருவது பல டீசல் ஹெட்டுகளில் சகஜம் என்றார். சில ஐரோப்பிய எஞ்சின்களின் சர்வீஸ் புத்தகங்களில், அந்தக் கோடு குறிப்பிட்ட அகலத்துக்குள் இருந்தால் அதே ஹெட்டைத் திரும்ப மாட்டலாம் என்று எழுதியே இருக்கிறது. தண்ணீர் வழியைத் தொடுகிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல் போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. எங்கள் வண்டியின் சொந்த ஹெட் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது கேஸ்கெட் மட்டும் மாற்றியிருந்தால் போதுமா? இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த ஹெட் போய்விட்டது. நல்ல நிலையில் இருந்த அதைக் கழற்றி வேறு எவருக்கோ விற்றிருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. நிரூபிக்க வழியில்லாததால் சந்தேகமாகவே எழுதுகிறேன்.

ஹெட் தானாக வெடிக்காது என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கீழே பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம், நடுவே போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அளவுக்கு மீறிச் சூடானால் விரிய இடமில்லாமல் ஹெட் வளைகிறது. வால்வு சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பாலத்தில் விரிசல் விடுகிறது. ஆக, சூடு ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்காமல் ஹெட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. எங்கள் வண்டியில் காரணம் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டி. அதில் கீறல் விட்டிருந்தது. முதல் பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், பசை போட்டு ஒட்டியும் இருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 38,000 ரூபாய் ஹெட் பேசியவர்களுக்கு ரேடியேட்டரைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

ரேடியேட்டர் உள்ளே உப்பும் படிந்திருந்தது. நம் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அப்படித்தான் ஆகும். கூலன்ட் பனி நாட்டுக்காரர்களுக்குத்தான், நமக்கு எதற்கு என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கூலன்ட் தண்ணீரின் கொதிநிலையை ஏற்றுகிறது, அலுமினியம் அரிக்காமல் காக்கிறது. இரண்டுமே சென்னைக்குத்தான் அதிகம் வேண்டும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

செகண்ட் ஹெட் மாட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. புதுப்பேட்டையில் பழைய ஹெட் வாங்கி, லேத்தில் பிரஷர் டெஸ்ட் செய்து, உயரம் பார்த்து மாட்டி, வருஷக்கணக்கில் ஓட்டுகிற டாக்ஸிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வெல்டிங்கும் நல்ல கையில் விட்டால் நிற்கும்: ஹெட்டை முன்சூடு செய்து, ஆர்கானில் வைத்து, சீட்டைப் புதிதாகக் கடைந்து, திரும்ப டெஸ்ட் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழசைப் பழசு என்று சொல்லிப் பழசின் விலைக்குக் கொடுத்தால் அது நேர்மையான தொழில். எங்களிடம் புதுசின் விலையை வாங்கினார்கள்.

ஆகவே உங்கள் வண்டிக்கு ஹெட் கிராக் என்று யாராவது சொன்னால், ஹெட் எஞ்சினில் இருக்கும்போதே ஒரு சின்னச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆனால் கேஸ்கெட் போனாலும் அது மாறும். ஹெட்தான் என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கழற்றிய பிறகு, லேத்துக்கு நீங்களே ஹெட்டோடு போங்கள், இல்லையென்றால் லேத்தின் பெயர் போட்ட டெஸ்ட் ரசீதைக் கேளுங்கள். புதுசு போடுவதாக இருந்தால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடையில் வாங்கினாலும் கம்பெனி டீலரிடம் வாங்கினாலும், பார்ட் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் உங்கள் பெயரில் வரட்டும். பெட்டி உங்கள் கண் முன்னே பிரியட்டும். மாட்டும் முன் ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெட்டை எந்த எக்ஸ்சேஞ்ச் கதைக்காகவும் விடாதீர்கள், உங்கள் வண்டியின் பாகம் அது. போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் இல்லாத இடத்தில் ஹெட் வேலை கொடுக்கவே கூடாது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை அளவாக முறுக்கிய பிறகு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்ப வேண்டும்; அப்படி இழுபட்ட பழைய போல்ட்டை மறுபடி போடக் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், இரண்டாவது மெக்கானிக் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், லேத்திலிருந்து எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள், அந்த ஹெட்டைப் பத்திரமாக வையுங்கள். நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், முறையான பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நோட்டீஸ் போன பிறகு பட்டறையிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. பாதிப் பணம் தருகிறோம், அந்த ஹெட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். மாமா மறுத்துவிட்டார். ஹெட் சாக்கில் கட்டி எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.