சாய்ந்த இம்பிளாண்ட்: இணைப்பியை மாற்றுவதா, கழற்றி எடுப்பதா?

மேல் முன்பல் இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியச் செயற்கை வேர்) உதட்டுப் பக்கம் சாய்வாகப் பதிந்துவிட்டால், புதுப்பல்லை இறுக்கும் திருகின் துளை பல்லின் முகப்பிலேயே வந்து நிற்கும். எலும்போடு பிணைந்த டைட்டானியத்தைப் பல்கம்பி போட்டு நகர்த்தவும் முடியாது.

எளிய வழி, 15 அல்லது 25 டிகிரி சாய்வுள்ள இணைப்பி, அதாவது இம்பிளாண்டையும் புதுப்பல்லையும் இணைக்கும் துண்டு. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமலே முடிந்துவிடும். ஆனால் புதுப்பல்லைச் சிமெண்டால் ஒட்டினால் கவனம் தேவை: ஈறுக்கடியில் தங்கும் கடுகளவு துணுக்கே அழற்சியைக் கிளப்பிவிடும்.

மற்றது, இம்பிளாண்டை எதிர்த்திசையில் திருகிக் கழற்றி, தேவைப்பட்டால் எலும்புத்தூள் நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி பொருத்துவது. செலவும் வலியும் முதலிலிருந்து. ஆனாலும் ஈறு மேலேறி உலோகம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். இணைப்பியை எவ்வளவு சாய்த்தாலும் போன ஈறு திரும்பாது. சிரித்தால் தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு இவ்வளவு பாடு எதற்கு?